முந்தானை தின்ற மாடு

தில்லியில், மோதி பாக்கிலிருந்து அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகும்போது நான் நாய்களுக்குத்தான் பயந்தேன். மாட்டுக்கும் பயப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எழுபதுகளின் நடுவில் அது. பரீட்சை எழுதி மத்திய அரசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். அத்தானும் அரசாங்க குமாஸ்தாதான், வேறு அலுவலகம். இரண்டு அறை குவார்ட்டர்ஸ். அதில் அக்கா, அத்தான், அவர்களுடைய ஐந்து வயது மகள், நான். முதல் வருஷம் பஸ்ஸில் போனேன். தில்லி பஸ்ஸில் தினமும் போய் வந்த எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் மற்றதைச் சொல்வாள். கூட்டத்தில் முதுகுக்குப் பின்னால் யார் கை எங்கே வருகிறது என்று தெரியாமல், கைப்பையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால்தான் சைக்கிள் கற்றுக்கொண்டேன். அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெண், கல்லூரி மாணவி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் என் சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி வந்தாள். இருபத்துமூன்று வயதில், சேலை கட்டிக்கொண்டு, எத்தனையோ முறை விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டதும் எனக்குக் கர்வம் வந்துவிட்டது. அதை மறைக்கவில்லை. காலையில் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் சாணக்யபுரி வழியாக அலுவலகங்களைப் பார்த்துப் போகும். அத்தனையிலும் சேலை கட்டிய பெண்கள் அபூர்வம். தூதரகங்களின் நீண்ட மதில்கள், நடுவில் புல்வெளி, அதில் மயில்கள். மயில் சாலையைக் கடந்தால் நான் நின்று வழிவிடுவேன். ஒரு வளைவில் இரண்டு நாய்கள் உண்டு. அந்த இடம் வந்ததும் பெடலை மிதிப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, வண்டி போகிற வேகத்தில் தாண்டிப் போவேன். குளிர்காலத்தில் எப்போதாவது ஒட்டக வண்டி எதிரே வரும். ஒட்டகம் என்னைவிடப் பெரிய அதிகாரி என்பதைப்போலக் கீழே பார்த்துக்கொண்டு போகும். இதையெல்லாம் ராத்திரி சாப்பிடும்போது அக்கா மகளிடம் சொல்வேன். அவள் தில்லியிலேயே பிறந்தவள். ஒட்டகத்தை ‘ஊண்ட்’ என்பாள், மயிலை ‘மோர்’ என்பாள்.

அத்தானுக்கு மட்டும் பிடிக்கவில்லை. “ஊர்ல தெரிஞ்சா என்ன சொல்லுவாவ?” என்று முதல் நாளே கேட்டார். அதற்குப் பிறகு நான் சைக்கிளை வெளியே எடுக்கும் நேரத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார்.

அன்று எங்கள் பிரிவின் சூப்பரின்டென்டென்ட் ஓய்வு பெறும் நாள். மாலையில் சின்ன விழா. ஆளுக்கொன்று கொண்டுவருவதாகப் பேச்சு. பழம் என் பங்கு. ஒரு சீப்பு நிறையப் பழுத்த வாழைப்பழங்களை வலைப்பையில் போட்டுக் கேரியரில் கட்டியிருந்தேன். விழா என்பதால் அக்காவின் அரக்குப் பட்டைக் கேட்டு வாங்கிக் கட்டியிருந்தேன். அக்காவின் தலைதீபாவளிக்கு அம்மா எடுத்துக் கொடுத்தது அது. சரிகைக் கரை இரண்டு விரல் அகலம். மற்ற நாட்களில் முந்தானையைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் இறுகச் செருகிக்கொள்வேன். பட்டு கசங்கிவிடுமே என்று அன்று லேசாகத்தான் செருகினேன்.

ஹோலி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த நாட்கள். ஸ்வெட்டரை உள்ளே வைத்தாகிவிட்டது. சாணக்யபுரிப் பெரிய சாலைக்கு வந்ததும் போலீஸ் நிறுத்திவிட்டது. ஏதோ ஒரு நாட்டுத் தலைவர் விமான நிலையத்திலிருந்து வருகிறார். அங்கே அது வாரத்துக்கு ஒன்று நடப்பதுதான். சாலையோரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கையில் காகிதக் கொடி கொடுத்திருந்தார்கள். எங்களையெல்லாம் குறுக்குத் தெருவில் கயிறு கட்டி மறித்துவிட்டார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். பின்னால் சைக்கிள்கள், அதற்குப் பின்னால் ஸ்கூட்டர்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பஸ். நகர இடமில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றேன்.

எனக்கு இடப்பக்கம் இரண்டு சைக்கிள் தள்ளி, எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர் ஒருவர் நின்றிருந்தார். என் மேஜைக்கு மூன்றாவது மேஜை. காலையில் வணக்கம் சொல்வோம், அவ்வளவு பழக்கம். அவரும் என்னைப் பார்த்தார். தலையசைத்துக்கொண்டோம்.

பின்னால் கேரியரில் ஏதோ அசைந்தது. யாரோ இடிக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பவில்லை. பிறகு தோளில் ஒரு இழுப்பு. திரும்பினேன். வெள்ளை மாடு. நடைபாதைப் பக்கமிருந்து எப்படியோ நுழைந்து வந்திருந்தது. வாழைப்பழத்துக்காக வந்ததுதான். வலைப்பை கிழிந்து பழம் பாதி உள்ளே போயிருந்தது. நின்றபோது இடுப்பிலிருந்து நழுவி கேரியர் மேல் விழுந்திருந்த முந்தானையும் பழத்தோடு சேர்ந்து வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் சேலையைப் பிடித்து இழுத்தேன். மாடு விடவில்லை. ஓங்கி இழுத்தால் பட்டு கிழிந்துவிடும் என்று பயம். இழுக்காவிட்டால் மாடு மென்று மென்று உள்ளே வாங்குகிறது. மாட்டின் கண் என்னைப் பார்க்கவே இல்லை. ரொம்ப சாவதானமாக, எதிரே இருந்த மதிலைப் பார்த்துக்கொண்டு மென்றது. ஒவ்வொரு மெல்லலுக்கும் ஒரு சாண் உள்ளே போனது. கொஞ்சம் கொஞ்சமாக நான் அதன் பக்கம் நகர வேண்டியிருந்தது. சைக்கிள் காலிடுக்கிலிருந்து நழுவிச் சாய்ந்து விழுந்தது.

முதலில் ஒரு சிரிப்பு. பிறகு பத்துப் பேர். நின்றுகொண்டிருந்தவர்களுக்குப் பார்க்க வேறு ஒன்றும் இல்லை. தலைவர் இன்னும் வரவில்லை. யாரோ, “அரே, காய் கோ பீ ரேஷம் பஸந்த் ஹை!” என்றான். மாட்டுக்கும் பட்டு பிடிக்கிறதாம். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. “மத்ராசன் ஹை, மத்ராசன்” என்று ஒரு குரல் விளக்கம் சொன்னது.

நான் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டேன். “பையா, இஸ்கோ ஹட்டாயியே!” அண்ணா, இதை விரட்டுங்கள். அவன் லத்தியோடு இரண்டு எட்டு வந்து மாட்டைப் பார்த்தான். லத்தியைக் கீழே இறக்கிக்கொண்டான்.

“காய் மாதா ஹை, பெஹன்ஜி. மாரூங்கா நஹீ.” பசுவை அடிக்க மாட்டேன் என்கிறான். “சுப் ரஹோ. காடி ஆ ரஹீ ஹை.” சத்தம் போடாதே, கார் வருகிறது.

அந்த நேரத்தில்தான் தோளில் குத்தியிருந்த ஊக்கு, ரவிக்கைத் துணியையும் கிழித்துக்கொண்டு பிய்ந்தது. முந்தானை தோளைவிட்டுப் போய்விட்டது. ஒரு கையை மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொண்டேன். மறு கையால் இடுப்பில் கொசுவத்தைப் பிடித்தேன். இழுப்பதற்குக் கை இல்லை. மாடு இழுத்தால் கூடவே போவதைத் தவிர வழியில்லை.

இடப்பக்கம் பார்த்தேன். அந்த இளைஞரின் கண்ணும் என் கண்ணும் ஒரு நொடி சந்தித்தன. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கம்பத்தில் கட்டியிருந்த வெளிநாட்டுக் கொடியைப் பார்த்தார். எனக்கு அப்போது அவர்மேல் நன்றிதான் பொங்கியது. அத்தனை பேரில் ஒருவராவது பார்க்காமல் இருக்கிறாரே.

கார்கள் வந்தன. முதலில் மோட்டார் சைக்கிள்கள், பிறகு கறுப்புக் கார்கள். பிள்ளைகள் கொடியை ஆட்டிக் கத்தினார்கள். திறந்திருந்த ஒரு கண்ணாடி வழியாக வெள்ளை உறை போட்ட கை ஒன்று எல்லாருக்கும் பொதுவாக ஆடிக்கொண்டே போனது. சைக்கிள்காரர்களில் சிலர் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். நான் ஒரு கையை மார்பிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, ஒரு மாட்டோடு கட்டப்பட்டு, முன்வரிசையில் நின்றேன்.

கயிற்றை அவிழ்த்ததும் எல்லா சைக்கிள் மணிகளும் ஒரே சமயத்தில் அடித்தன. மாடு தலையை உதறியது. நாலைந்து எட்டு என்னை இழுத்துக்கொண்டு நடந்தது. பிறகு தானாகவே வாயைத் திறந்தது. சரிகை பிடிக்கவில்லையோ என்னவோ. எச்சிலும் பழமும் மென்ற புல்லுமாக, கயிறுபோல முறுக்கிக்கொண்டு சேலை வெளியே வந்து தரையில் விழுந்தது. அதை எடுத்து அப்படியே மேலே போட்டுக்கொண்டேன். சூடாக இருந்தது.

கான்ஸ்டபிள் வந்து சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்தான். “கேலா லேகர் க்யோன் ஆயீ?” என்று அதட்டினான். வாழைப்பழத்தை ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்கிறான்.

“ஸாரி பையா” என்றேன்.

இத்தனை வருஷம் கழித்தும் அந்த நாளை நினைத்தால் மாட்டின் வாயோ சிரிப்போ அல்ல, இந்த ‘ஸாரி’தான் முதலில் காதில் விழுகிறது. அவனிடம் மட்டும் சொல்லவில்லை. விலகிப் போன ஸ்கூட்டர்காரனிடம், வழி கேட்டு மணியடித்த கிழவரிடம், யார் என் பக்கத்தில் வந்தாலும் ஸாரி, ஸாரி என்று சொல்லிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா கதவைத் திறந்தாள்.

“ஏட்டி, என்னட்டி இது? எங்க போயி விழுந்த?”

“மாடு தின்னுட்டுக்கா.”

“மாடா? சேலையவா?”

அவள் என்னைத் தொடவில்லை. சேலையைத்தான் தொட்டாள். முந்தானையை விரித்துப் பார்த்தாள். சரிகை பிரிந்து, பல் பட்ட இடங்களில் நூல் நூலாகத் தொங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் ரவிக்கைக் கிழிசலைக் கையால் மூடிக்கொண்டு நின்றேன். எனக்கும் அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் அவள் அழுதுகொண்டிருந்ததால் என் முறை வரவில்லை. குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

அக்கா சேலையைப் பல தடவை அலசினாள். வாடை போகவில்லை. பிறகு நல்ல பாகத்தை வெட்டி மகளுக்குப் பாவாடை தைத்தாள். அந்தக் குழந்தை என்னிடம் வந்து, “சித்தி, காய் சேலை சாப்ட்டுச்சா?” என்று கேட்டது. அவளுக்குப் பசு இன்னும் இந்தியில் ‘காய்’தான். ஆமாம் என்றேன். “அச்சா லகா அதுக்கு?” என்று கேட்டாள். பிடித்திருந்ததா என்று அந்த வீட்டில் மாட்டைப் பற்றிக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

மாடு தின்ற மறுநாள் சாயங்காலம் அக்கா பால் பூத்திலிருந்து வந்து பாத்திரத்தை வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றாள். முகம் சரியில்லை.

“ஏட்டி, உண்மையச் சொல்லு. எம்புட்டுப் போச்சு?”

“எது அக்கா?”

“சேலை. அங்க வச்சு. எம்புட்டு?”

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளிக் குடியிருந்த ஒரு தமிழ் மாமி அன்று பின்னால் நின்ற பஸ்ஸில் இருந்திருக்கிறாள். ஜன்னலிலிருந்து தலைகளுக்கு மேலாக அவளுக்குத் தெரிந்தது மாட்டு வாயில் நீளமாக அரக்குப் பட்டும் என் வெறுந்தோளும்தான். மீதியை அவளே நிரப்பிக்கொண்டாள். சேலை முழுதும் உருவிக்கொண்டு போய்விட்டது, பெண் பாவாடையோடு நடுச்சாலையில் நின்றாள், வெளிநாட்டு ராஜா காரை நிறுத்திப் பார்த்தார். ஒரு நாளைக்குள் மோதி பாக்கின் தமிழ் வீடுகள் அத்தனைக்கும் இப்படித்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். இவ்வளவு. முந்தானை மட்டும்.

“சத்தியமா?”

“சத்தியமா. நான் பிடிச்சிட்டுல்லா நின்னேன்.”

அக்கா நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை. அடுத்த நாள் பால் வரிசையில் எல்லார் முன்னாலும் அந்த மாமியிடம் கையை விரித்துக் காட்டி, “இம்புட்டுத்தான் போச்சு! முந்தி மட்டுந்தான்! நீங்க பாத்தியளா?” என்று சண்டை போட்டிருக்கிறாள். அதுவரை தெரியாதவர்களுக்கும் அன்றைக்குத் தெரிந்துவிட்டது. என் அக்கா எனக்காக அவ்வளவு பேர் நடுவில் நின்று கையை விரித்ததை இன்று நினைத்தால் பெருமையாக இருக்கிறது. ஆனால் அன்று எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. எவ்வளவு போனது என்று அளந்து சொல்வதைவிட முழுதும் போனது என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அளவைத் திருத்த வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் என் உடம்பைப் பற்றி நானே பேச வேண்டும்.

அத்தான் ஒரே வாக்கியம்தான் சொன்னார். “நான் அப்பவே சொன்னேன்லா.”

சைக்கிளைப் படிக்கட்டுக்கு அடியில் பூட்டிவைத்துவிட்டு மறுபடியும் பஸ்ஸில் போகத் தொடங்கினேன். பஸ் மாறவே இல்லை. அதே கூட்டம், அதே கைகள். முன்பெல்லாம் திரும்பி முறைப்பேன், ஒருமுறை செருப்புக் காலால் ஓங்கி மிதித்திருக்கிறேன். இப்போது அதுவும் முடியவில்லை. திரும்பினால் என் முகத்தைப் பார்த்து, அந்த மாட்டுக்காரி என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். தலையைக் குனிந்தபடி நின்றேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றபோது, மூன்றாவது மேஜை இளைஞர் வந்தார். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“ஆபீஸ்ல நான் யார்கிட்டயும் சொல்லலீங்க.”

“தெரியும்” என்றேன். “அன்னைக்கு நீங்க முகத்தத் திருப்பிக்கிட்டீங்க. அதுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “இல்லீங்க. அப்படி நினைச்சுக்காதீங்க. நான் உங்களுக்காகத் திரும்பல. பக்கத்துல ஒருத்தன், ‘உங்க ஊர்ப் பொண்ணா? தெரியுமா?’ன்னு கேட்டான். தெரியாதுன்னு சொல்லிட்டேன். அவன் சிரிச்சான். நானும் சிரிச்சேன்.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ராத்திரி தூக்கமே வரலீங்க” என்றார்.

“அச்சா” என்றேன். அப்படியா என்பதைக்கூட இந்தியில்தான் சொன்னேன்.

அவர் நல்லவர்தான். இல்லாவிட்டால் வந்து சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று வெகுகாலம் நினைத்தேன். அந்தச் சாலையில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அவருடைய திரும்பிய முகம். அதையும் அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். என்னைத் தெரியும் என்று சொல்லக்கூட ஒரு மனிதனுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது என்றால், நான் நின்ற கோலம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் கண்ணால் என்னைப் பார்த்தேன். அன்று மாலை பஸ்ஸில் ஏறவில்லை. மோதி பாக் வரை நடந்தே வந்தேன்.

நடந்த களைப்பிலோ வெறுப்பிலோ, அந்த வாரமே அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெண்ணோடு சரோஜினி நகர் போய் இரண்டு சல்வார் கமீஸ் தைக்கக் கொடுத்தேன். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண்களில் வேலைக்குப் போகிற ஒருத்திகூட அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. முதல் நாள் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, துப்பட்டாவை இரு முனையும் சேர்த்துப் பின்னால் இறுக்கி முடிந்திருந்தேன். அத்தான் வழக்கம்போலச் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார். அக்கா மேலும் கீழும் பார்த்தாள். வந்து முடிச்சை அவிழ்த்து, இன்னும் இறுக்கமாகப் போட்டுவிட்டாள்.

மறுபடியும் சைக்கிள் ஓட்டினேன். முன்போலச் சந்தோஷமாக ஓட்டினேன் என்று சொன்னால் பொய். மயில் குறுக்கே வந்தாலும் நிற்காமல் மணியடித்து விரட்டினேன். போலீஸ் மறித்தால் முன்வரிசைக்குப் போகாமல் மரத்தடியில் ஒதுங்கி நின்றேன். எங்காவது சிரிப்புச் சத்தம் கேட்டால் காது சூடாகும். ஆனாலும் கல்யாணம் ஆகி தில்லியிலேயே ஜனக்புரிக்குப் போகும்வரை ஓட்டினேன்.

எண்பதுகளின் கடைசியில், தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று நடந்தது. பந்தியில் என் எதிர் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி பக்கத்து இலைக்காரியிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை எனக்குத் தெரியாது. அவளுக்கும் என்னைத் தெரியாது. மோதி பாக்கில் முன்னொரு காலத்தில் ஒரு பெண் சைக்கிள் ஓட்டினாளாம். ஒரு காளை துரத்தி அவள் சேலையை முழுசாக உருவிவிட்டதாம். அவமானம் தாங்காமல் அவள் வேலையை விட்டுவிட்டு அன்றைக்கே ரயில் ஏறி ஊருக்குப் போய்விட்டாளாம். இலை வரிசை முழுதும் சிரித்தது.

நானும் சிரித்தேன். யோசித்துச் சிரிக்கவில்லை. சாம்பார் ஊற்ற வந்தவருக்குக் கையைக் காட்டிக்கொண்டே, மற்றவர்களோடு சேர்ந்து, தானாக வந்துவிட்டது. அது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள், “யாரும்மா அந்தப் பொண்ணு? பாவம்” என்றாள்.

“தெரியாது. நீ சாப்பிடு” என்றேன்.

அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, “ஊருக்குப் போய் என்ன பண்ணியிருப்பா?” என்று மறுபடி கேட்டாள். அப்படி ஒருத்தி உண்மையாகவே ரயில் ஏறிப் போயிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று நானும் கொஞ்ச நேரம் யோசித்தேன். பாயசம் வந்தது. அவளுக்கு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.